இரண்டு குண்டும் ஒரு ஸ்பிரிங்கும்

இரத்தோட்டை,
18.11.1997

அன்பு மகள் அருள்மணிக்கு,

மாதாவின் அடைக்கலத்தில் நானும் உன் அம்மா மார்ஜரியும் சுகம். குளிர் நாட்டில் நீயும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபமாலை சொல்கிறோம்.

நிற்க. விடுமுறைக்கு வந்து நீ மறந்துவிட்டுப்போன வாயு ஆராய்ச்சிக் கணக்குத் தாள்களை அனுப்பச் சொல்லியிருந்தாய். பார்சல் கட்டி, மாத்தளைத் தபால் கந்தோருக்குப் போக பஸ் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரர் பார்சலைப் பிரித்து, "மொக்கத்த மே?" என்று கேட்டார். இது என்னவென்று எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல! முப்பது வருசம் தோட்டத்துல கிளாக்கரா இருந்து சிங்களம் தண்ணியாப் பேசுற எனக்கு அந்த நேரம் பார்த்து ஒரு சொல்லும் வரல்ல. "காஸ்"னு மட்டும் சொன்னேன். உடனே பொலிசுக்குக் கொண்டுபோயிட்டாங்க. அங்க தமிழ் தெரிஞ்ச கான்ஸ்டபிள் சாலிஹ், நீ கீறின படத்தக் காட்டி விளக்கம் கேட்டார். நீ சொல்லித் தந்த மாதிரியே சொன்னேன்: "வாயு மூலக்கூறுங்க. ரெண்டு குண்டு, நடுவுல ஒரு ஸ்பிரிங். ஒண்ணோட ஒண்ணு மோதினா சுத்தும், உள்ளுக்குள்ள அதிரும்." சாலிஹ் தலையில கைய வச்சிட்டார். "ஐயா, உருண்டைன்னு சொல்லுங்க!" அதுக்குள்ள இன்ஸ்பெக்டர் எழும்பி நின்னுட்டார். அவருக்குத் தெரிஞ்ச ஒரே தமிழ்ச் சொல் குண்டுதான்.

பிறகு சயன்ஸ் டீச்சர் ஒருத்தர், சிங்கள நோனா, வந்து தாள் தாளா வாசிச்சாங்க. "சுத்துறது நாலஞ்சு மோதல்ல அடங்கிடும், அதிர்றது அடங்க ஆயிரக்கணக்குல மோதணும். அதத்தான் இந்தப் பிள்ளை கணக்குப் போட்டிருக்கு, வேற ஒண்ணுமில்ல"ன்னு இன்ஸ்பெக்டருக்கு விளங்கப்படுத்தினாங்க. பதினாலாம் பக்கத்துல ஒரு கழித்தல் குறி பிழையாம், திருத்திக்கொள். எல்லாம் மூணு மணித்தியாலம்தான். பிளேன்டீயும் தந்தாங்க. மரியாதைக்கு ஒரு குறையுமில்லை. ஆகவே பயப்படாமல் நத்தார்ப் பண்டிகைக்கு வந்து போ.

தேவதாயின் கரம் என்றும் உன் தலைமேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தகப்பன் ராஜநாயகம்

பி.கு.: மகள், அம்மா எழுதுறேன். தபால்ல போடச் சொல்லி அப்பா தந்த கடிதத்த வாசிச்சேன். மூணு மணித்தியாலம் இல்ல, மூணு நாள். சாலிஹ் அலைஞ்சு திரிஞ்சு டீச்சரக் கூட்டிவந்தது மூணாம் நாள்தான். பிளேன்டீ நம்ம வீட்டுல, நான் பருக்கிவிட்டதுதான். அப்பா எழுத்து ஏன் கோணல்னு நினைச்சிருப்ப, இடது கையால எழுதினது. வலது கைய இன்னும் தூக்க முடியல்ல.

நத்தாருக்கு வராத. படிப்ப முடி. பார்சலத் திரும்பக் கட்டிட்டேன், நாளைக்கு நானே மாத்தளைக்குக் கொண்டுபோறேன்.