அழுகண்ணியும் மீட்டர் காக்காவும்

இருபது காய் பறிக்க அனுமதி கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் போட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தண்ணிக் கந்தோரில், அதாவது குடிநீர் அலுவலகத்தில், இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் சுகமாக வாழ்ந்தது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் வாசிப்பவர் என்பதால், கிழக்கிலங்கையில் கல்முனை தொடக்கம் இறக்காமம் வரைக்கும் அவர் மீட்டர் காக்கா, எல்லாருக்கும் அண்ணன். நான் அதே கந்தோரில் கிளாக்கர்.

ஒரு மாரிக்கால முடிவில், இறக்காமத்தில் வயலோரத்து வீடொன்றில் மீட்டர் வாசிக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. முதலில் முழங்காலில் நின்றார். பிறகு வரம்புக்குக் கீழே ஈர மணலில் குப்புறப் படுத்துவிட்டார். வீட்டுக்காரப் பெண் நெஞ்சுக் குத்தாக்கும் என்று பயந்து செம்போடு ஓடி வந்தாள்.

"காக்கா, என்ன செய்யிது? தண்ணி குடிங்க!"

"தண்ணி வேணாம் புள்ள. பூதக்கண்ணாடி ஒண்டு இரிக்கா?"

அவர் கண்டது அழுகண்ணி. சட்டைப் பொத்தான் அளவில், தரையோடு ஒட்டிக் கிடக்கும் சிவந்த செடி. இலை மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளிப் பசை மினுங்கும். பனித்துளி என்று நம்பி வந்து குந்துகிற பூச்சி திரும்பிப் போகாது. செடி அதைத் தின்றுவிடும். மாரி மழையோடு முளைத்து, பூத்து, தூசு போல விதையை உதிர்த்துவிட்டு, வெயில் ஏறச் செத்துப்போகும். அதன் ஹயாத்து, ஆயுள், அவ்வளவுதான். செடி கொடி என்றால் உயிரை விடுகிற காக்கா, எங்கள் பக்கத்தில் அது அழிந்தே போய்விட்டது என்று நம்பியிருந்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதம். பதிவுத் தபாலைக் கண்ட வயல்காரர், காணி வழக்காக்கும் என்று கலங்கி, வெள்ளைச் சட்டை போட்டு, காணி உறுதிப் பத்திரத்தையும் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் கந்தோருக்கு வந்துவிட்டார். நான்தான் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். 'தங்கள் வரம்பின் கீழ் நிற்கும் அழுகண்ணியில், செடிக்கு ஒன்று வீதம் இருபது காய் மட்டும் எடுக்க அனுமதி வேண்டுகிறேன். மிகுதி அங்கேயே உதிர விடப்படும். வன அதிகாரியின் சம்மதம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.'

வயல்காரர் உறுதியைச் சுருட்டிக் கமுக்கட்டில் வைத்தார்.

"யானை வந்து வேளாமைய அழிச்சிப் போட்டுப் போகுது, அது ஒரு துண்டுக் கடுதாசி எழுதல்ல. நீங்க புல்லுக் காய்க்கு ரெஜிஸ்டர் தபாலா?"

"யானைக்குக் கந்தோர் ஒழுங்கு தெரியாதுதானே," என்றார் மீட்டர் காக்கா, கொஞ்சமும் சிரிக்காமல்.

அடுத்த மாரியில், சாய்ந்தமருதில் அவருடைய வீட்டு முற்றத்தில் அந்த விதைகள் தட்டுகளில் முளைத்தன. சத்தில்லாத வெறும் மணல். உரம் ஹராம். பைப் தண்ணீரும் ஹராம். மழைத் தண்ணீர் மட்டும். அதைப் போத்தல் போத்தலாகப் பிடித்துக் குளிர்ப்பெட்டியில் அடுக்கியிருந்தார். ஒருநாள் சம்பந்தி வந்தபோது காக்காவின் மனைவி ராத்தா ஒரு போத்தலை எடுத்து ஊற்றிக் கொடுத்தாவாம். கிளாஸ் சம்பந்தியின் வாய்க்குக் கிட்டப் போன நேரம் காக்கா பாய்ந்தார்.

"அத வையிங்க! அது செடிக்கு!"

"ஊருக்கெல்லாம் பைப் தண்ணி குடுக்கிற கந்தோர்ல வேல," என்று ராத்தா என்னிடம் முறையிட்டா. "இவருட செடிக்கு மட்டும் வானத்துத் தண்ணி."

நானும் ஒரு செடி கேட்டேன்.

"எங்க வைப்பீங்க கிளாக்கர்?"

"பூச்சட்டியில. கொஞ்சம் சாணி உரம் போட்டு..."

அவர் தலையில் கை வைத்தார். "பசியோட வாழப் பழகின செடி அது. நீங்க சோறூட்டிச் சாகடிச்சிப் போடுவீங்க."

அந்தக் கோபமா, பெருமையா, இன்றைக்கும் எனக்கே விளங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நான் இறக்காமத்துக்குப் போய், வரம்போரத்துச் செடிகளைப் படமெடுத்து, 'நுளம்பைத் தின்னும் அதிசய மூலிகை' என்று எழுதி, இடத்தின் பெயரையும் போட்டு முகநூலில் ஏற்றினேன். லைக் குவிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பகல் சோற்றைச் சாப்பிட்டேன்.

நாலாம் நாள் வயல்காரர் கந்தோருக்குப் போன் எடுத்தார். யார் யாரோ வேன் பிடித்து வந்து, மண்வெட்டியால் மண்ணோடு அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். காய் முற்றுவதற்கு முன்பே. சிலர் மருந்துக்கு, சிலர் வீட்டு நுளம்பு, கொசு ஒழிக்க.

நானே போய்க் காக்காவிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மீட்டர் வாசிக்கப் போய்விட்டார். அன்று அவர் எழுதி வந்த இலக்கமொன்று பிழையாக இருந்தது. அத்தனை வருஷத்தில் நான் கண்ட அவருடைய முதல் பிழை அது. சத்தமில்லாமல் திருத்திவிட்டு, மறுநாள் அவர் முன்னால் போய் நின்றேன்.

"காக்கா, என்னை ஏசுங்க."

"ஏசினா முளைக்குமா?"

"தட்டுல உள்ளத்தக் கொண்டுபோய் நட்டுருவமா?"

"அவசரப்படாதீங்க. முந்தின வருச விதை மண்ணுக்குள்ள கிடக்கும். முதல்ல அது வரட்டும். வராட்டித்தான் நம்மட விதை, இன்ஷா அல்லாஹ்."

நான் முகநூல் பதிவை அழித்தேன். அது மட்டும் போதாது என்றார் காக்கா. மற்றப் புல் வளர்ந்து மூடினால் அழுகண்ணிக்கு வெயில் படாதாம். ஆகவே அடுத்த மாரி வரைக்கும், விடுமுறை கிடைத்த நாளெல்லாம், அரசாங்க உத்தியோகத்தர்கள் நாங்கள் இரண்டு பேரும் சலூன் கத்தரிக்கோலோடு வயலோரத்தில் குந்தியிருந்து புல்லுக்கு முடி வெட்டினோம். வேரைப் பிடுங்கக் கூடாது, மண் கிளறுபடும். பார்த்துப் போனவர்கள் எங்களுக்குப் புத்தி தெளியட்டும் என்று துஆ செய்தார்கள். பிறகும் மூலிகை தேடி வந்தவர்களை வயல்காரர் பார்த்துக்கொண்டார். "தாராளமாப் போங்க. ஒத்தை யானை ஒண்டு அங்கதான் நிக்கிது, பாத்துப் போங்க," என்று வழிகாட்டுவார். ஒருவரும் போகவில்லை.

மாரி வந்தது. தை பிறந்தும் வெறும் மணல்தான். காக்கா வாரம் தவறாமல் போய்ப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். ஒரு காலையில் வரம்படியில் குப்புறப் படுத்திருந்தவர் கையைப் பின்னால் நீட்டி என் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்தார். நானும் படுத்தேன். கடுகளவில் ஏழு சிவப்புப் புள்ளிகள். நாங்கள் நட்டதல்ல. தானாக வந்தவை. அவர் வாயில் நபியின் மீதான சலவாத்து ஓடியது. நான் மறுபடியும் எண்ணினேன்.

இந்த வருஷம் காக்கா ஓய்வில் இருக்கிறார். முழங்கால் சத்திர சிகிச்சை முடிந்து கட்டிலில். ஆகவே நான் தனியாகப் போனேன். சேற்றில் படுத்துக்கொண்டு, போனைக் காதில் வைத்து, ஒவ்வொரு செடியாகச் சொன்னேன். இதில் ரெண்டு பூ. இதில் எறும்பு மாட்டியிருக்கு. இது இன்னும் குஞ்சு. அவர் "ஓம்... ஓம்..." என்று ஆமோதித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாற்பத்தியொரு செடி. எண்ணி முடித்த பிறகும் அவர் அடுத்ததுக்குக் காத்திருந்தார்; நான் போனை வைக்கவில்லை. இல்லாத ஐந்தாறு செடிகளையும் சேர்த்துச் சொன்னேன்.