துடைப்பத்துக்குக் கீழே ஒரு வரி

வீடில்லாதவர்களுக்குக் கொடுப்பதற்காக அரசாங்கம் நாற்பது வீடுகள் கட்டியது. கட்டி முடித்ததும் பூட்டியது. சாவிகளை ஓர் அலுவலகச் சுவரில், ஒன்று முதல் நாற்பது வரை எண் போட்ட ஆணிகளில் வரிசையாக மாட்டியது. இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

அந்த அலுவலகத்தின் பெயர், வீடின்மை மூல காரணக் கண்டுபிடிப்பு மற்றும் களைதல் துறை. வீடில்லாதவருக்குச் சும்மா ஒரு வீட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டால், மூல காரணம் அவர் கூடவே குடித்தனம் வந்துவிடும் என்பது துறையின் கொள்கை. ஆகவே முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு களைய வேண்டும், அதற்கப்புறம்தான் சாவி. ஆறு வருடத்தில் ஒரு சாவிகூட ஒரு குடும்பத்தின் கைக்குப் போகவில்லை என்றால், கொள்கையில் எவ்வளவு பிடிமானம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவிகளுக்கென்று ஒரு குமாஸ்தா இருந்தார். சாவி குமாஸ்தா என்றே கூப்பிடுவார்கள். திங்கட்கிழமைதோறும் நாற்பது சாவிக்கும் எண்ணெய் போடுவார். பிறகு ஒவ்வொரு வீடாகப் போய், சன்னலைத் திறந்து, குழாயைத் திருகி, கக்கூஸில் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியைச் சுற்றவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவார். ஆள் புழங்காத வீடு பாழாகிப் போகுமே. பாவம், அவருக்கோ முழங்கால் வலி. முப்பதாவது வீட்டுக்கு மேல் மாடிப்படியைப் பார்த்தாலே கண் கலங்கிவிடும்.

ஒருநாள் ஒரு தையல்காரம்மா மாமியாரோடு அலுவலகத்துக்கு வந்தார். வாசலில் தள்ளுவண்டி, வண்டியில் தார்ப்பாய் போர்த்திய தையல் மெஷின். மூன்று மாதமாகப் பேருந்து நிறுத்தத்தில்தான் மாமியார், மருமகள், மெஷின் எல்லோருக்கும் வாசம். மழைக்காலம் பதினைந்து நாள் தூரத்தில் இருந்தது.

துறை இயக்குநர் படிவத்தை எடுத்தார். அதில் நாற்பத்தொரு மூல காரணங்கள் அச்சாகியிருந்தன.

"சொல்லுங்கம்மா. வீடு ஏன் இல்ல?"

"வாடகைய ஒரேயடியா ரெண்டு மடங்கா ஏத்திட்டாங்க சார். குடுக்க முடியல. சாமானத் தூக்கி வெளிய வெச்சுட்டாங்க."

இயக்குநர் பட்டியலில் விரலை ஓட்டினார். தன்னம்பிக்கைக் குறைவு இருந்தது. தாமதமாக எழுந்திருத்தல் இருந்தது. காரணமில்லாத பெருமூச்சு இருந்தது. வாடகையைக் காணோம்.

"அது மேலோட்டமான காரணம்மா. ஆழமா ஏதாவது சொல்லுங்க. சின்ன வயசுல எதுக்காவது பயந்திருக்கீங்களா?"

"நாய்க்குப் பயந்திருக்கேன்."

"நாயும் இல்லையே..."

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "சின்ன வயசுல நாய், கல்யாணத்துக்கப்புறம் நான். ரெண்டையும் எழுதிக்கிட்டு சாவிய எடுங்க தம்பி. நிக்க முடியல, ஒரு நாற்காலி இருக்கா?"

நாற்காலி இல்லை. நாற்காலிகளை எல்லாம் நிபுணர் எடுக்கச் சொல்லியிருந்தார். தலைநகரத்திலிருந்து சணல் பையோடு வருகிறவர் நிபுணர். வீடில்லாதவர்களின் வேதனை ஊழியர்களுக்குப் புரிய வேண்டும் என்று, தினமும் பதினொரு மணி முதல் பதினொன்றரை வரை எல்லோரும் தரையில் உட்கார ஏற்பாடு செய்திருந்தார். தரை சில்லென்று இருந்ததால் மெத்தை வாங்கிப் போட்டிருந்தார்கள். சுவரில் ஒரு பெரிய மரம் வரைந்து, வேருக்கு வேர் வண்ணச் சீட்டு ஒட்டியிருந்ததும் அவர்தான். அந்த வருடம் எல்லா அலுவலகச் சுவரிலும் மரம்தான். போன வருடம் அம்புக்குறி, அதற்கு முந்தின வருடம் வட்டம்.

"உங்க காரணம் கிடைச்சதும் கடிதம் போடுறோம்மா," என்றார் இயக்குநர். "முகவரி சொல்லுங்க."

மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாவி குமாஸ்தா வாசல்வரை கூடவே வந்தார். "மழை வந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"மெஷினுக்குத் தார்ப்பாய் இருக்குண்ணே," என்றார் தையல்காரம்மா. "இது துருப்பிடிச்சா எங்க கத அதோட முடிஞ்சுது."

குமாஸ்தாவுக்கு அன்று மதியம் வேலை ஓடவில்லை. நாலு மணிக்கு ஒரு குறிப்பு எழுதி இயக்குநர் முன் வைத்தார். 'பதினேழாம் எண் வீடு மனிதப் புழக்கமின்மையால் பூஞ்சை பிடித்துச் சிதைவுறும் நிலையில் உள்ளபடியால், மேற்படி வீட்டுக்கு இரண்டு மனிதப் புழக்கங்களை அமர்த்த அனுமதி கோரப்படுகிறது.'

இயக்குநர் மூன்று தடவை படித்தார். "யோசனை நல்லாருக்குய்யா. ஆனா ஆளா எடுத்தா நிரந்தர முகவரி கேப்பாங்களே."

"கருவியா எடுத்துக்கலாம் சார். துடைப்பத்துக்கெல்லாம் யாரு முகவரி கேக்குறா?"

இயக்குநர் முகம் மலர்ந்தது. இருப்புப் பதிவேட்டில், துடைப்பம் பன்னிரண்டு என்ற வரிக்குக் கீழே, குமாஸ்தா அழகான கையெழுத்தில் பதிந்தார்: பராமரிப்புக் கருவி, தையல்காரம்மா, 1, புதியது. பராமரிப்புக் கருவி, மாமியார், 1, பழையது.

சாவி வாங்க வந்த இடத்தில் மாமியார் அதைப் படித்துவிட்டார்.

"பழையதா? யாரப் பாத்து?"

"நிலைங்கிற கட்டத்துல புதுசு, பழசு ரெண்டுதாம்மா இருக்கு."

"அதுக்கு இவ புதுசா? பதினெட்டு வருசமா இவளோட மாரடிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"அத்தே, வாய மூடிக்கிட்டு கையெழுத்துப் போடுங்க. மழை வருது."

கருவிகளுக்கு நிபந்தனைகள் இருந்தன. குழாயைத் தினம் இரண்டு முறை திறக்க வேண்டும். அடுப்பை ஒருமுறையாவது எரிக்க வேண்டும். சுவர்களின் உறுதியைச் சோதிக்க நாளொன்றுக்கு ஒருமுறை உரத்த குரல் எழுப்ப வேண்டும். கடைசி நிபந்தனையைக் கேட்டதும் மருமகள், "அத அத்தை பாத்துக்குவாங்க," என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. முப்பத்தொன்பது வீட்டுச் சுவரிலும் பச்சைப் பாசி ஏறியது. பதினேழாம் எண் வீட்டில் மட்டும் மெஷின் கடகடவென்று ஓடியது, சன்னலில் துணி காய்ந்தது, சுவர்கள் தினமும் சோதிக்கப்பட்டன. குமாஸ்தா பேனாவுக்கு மை நிரப்பினார். ஒன்றன்பின் ஒன்றாக முப்பத்தொன்பது குறிப்புகள். பழ வண்டிக்காரர், செருப்புத் தைப்பவர், வாடகைக்கு மேல் வாடகை கொடுத்து ஓய்ந்துபோன ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அவருடைய மனைவி, இரட்டைப் பிள்ளைகள் (கருவி, ஜோடி 1) என்று பதிவேட்டில் மூன்று பக்கம் நிறைந்தது. குமாஸ்தாவின் முழங்கால் வலிகூடக் குறைந்தது.

இரண்டு மாதம் கழித்து நிபுணர் ஆய்வுக்கு வந்தார். பேருந்து நிறுத்தத்தில் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மட்டுமே இருந்தார்கள். நிபுணர் முகம் வெளுத்துப்போனது. இயக்குநர் குமாஸ்தாவைக் கூப்பிட்டார்.

"எங்கய்யா நம்ம வீடில்லாதவங்க?"

"வீட்ல இருக்காங்க சார். பிரச்சினை தீந்துடுச்சு."

"காரணம் கண்டுபிடிக்காம எப்படிய்யா தீரும்? கோப்பு இன்னும் திறந்துல்ல கிடக்கு!"

நிபுணர் மனம் தளரவில்லை. நாற்பது வீட்டுக்கும் சணல் பையோடு ஏறி இறங்கினார். எல்லோரிடமும் ஒரே கேள்விதான். "வீடில்லாமல் போவதற்கு முன்னால் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"வீட்லதான்," என்றார் தையல்காரம்மா.

"வேற எங்க இருப்பாங்க, மரத்துலயா?" என்றார் மாமியார்.

நாற்பது வீட்டிலும் ஒரே பதில். நிபுணர் நின்ற இடத்திலேயே குறிப்பெடுத்தார். ஆறு வருடத் தவம்! அன்று மாலையே மரத்தின் ஆணிவேரில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டப்பட்டது. வீடிழந்தோர் அனைவரும், நூற்றுக்கு நூறு பேர், அதற்கு முன்பு வீட்டில் வசித்தவர்களே. ஆகவே வீடின்மைக்கு மூல காரணம் வீடு.

மேலிடம் பாராட்டியது. அடுத்த வாரமே ஆணை வந்தது. 'வீட்டில் வசிக்கும் நபர்கள் அனைவரும் வீடின்மை அபாயத்துக்கு உட்பட்டோர் ஆவர். வருமுன் காக்கும் நடவடிக்கையாக, மேற்படி நபர்கள் முப்பது நாட்களுக்குள் வீடுகளிலிருந்து மீட்கப்படுவர்.' கூடவே ஒரு வினாப்பட்டியல். நீங்கள் வீட்டில் வசிக்கிறீர்களா? ஆம் எனில், எத்தனை வருடங்களாக இந்தப் பழக்கம்?

"நாற்பது சாவியும் சாயங்காலத்துக்குள்ள ஆணிக்கு வந்தாகணும்," என்றார் இயக்குநர்.

பதினேழாம் எண் வீட்டில் அந்நேரம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முழுசாகச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தா மெதுவாகப் பதிவேட்டைத் திறந்து, இயக்குநர் பக்கம் திருப்பி வைத்தார்.

"நபர்களத்தானே சார் மீட்கச் சொல்லியிருக்கு? நம்ம நாற்பது வீட்லயும் நபர்னு யாருமே இல்லையே. எல்லாம் கருவி. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

இயக்குநர் பார்த்தார். போட்டிருந்தார்.

"உங்க குடியிருப்புல யாரு சார் இருக்கா?" என்று குமாஸ்தா பணிவாகக் கேட்டார்.

"நான், வீட்டுக்காரி, மச்சினன்..." இயக்குநர் குரல் பாதியில் நின்றது.

முப்பதாம் நாள் காலையில் சாவி குமாஸ்தாவின் மேசை முன் வரிசை நின்றது. படியிறங்கி, வாசல் தாண்டி, பேருந்து நிறுத்தத்தையும் தாண்டித் தெருக்கோடிவரை ஊரே நின்றது. தையல்காரம்மாவுக்கு வாடகை ஏற்றிய வீட்டுக்காரரும் அதில் இருந்தார். நிபுணர் சணல் பையைத் தலைக்கு வெயில் மறைப்பாகப் பிடித்திருந்தார். எல்லோருக்கும் முன்னால் இயக்குநர்.

"துடைப்பத்துக்குக் கீழ எங்க வீட்டுக்கும் ஒரு வரி இருக்கா பாருய்யா," என்றார் காதோடு காதாக.

குமாஸ்தா தேடினார். தன்னை அவர் எப்போதோ, பினாயிலுக்கும் வாளிக்கும் நடுவில், பொடி எழுத்தில் பதிந்து வைத்திருந்தார்.

"இருக்கு சார். பேரு எழுதிட்டேன். நிலை, பழையது. புதுசா மேலிடத்துல இன்னொரு கட்டம் சேத்திருக்காங்க, பயன்னு. அத நிரப்பலன்னா செல்லாது. உங்களுக்கு என்ன எழுதட்டும்?"

இயக்குநர் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். திரும்பி, பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"குழாய் திறப்பேன்," என்றார் கடைசியில். "ஒரு நாளைக்கு ரெண்டு தடவ."

வீடு கழுவ அலுவலகத்தில் பிளீச்சிங் பவுடர் வாங்க வந்திருந்த மாமியார் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"உடனே பதிஞ்சிடாதீங்க தம்பி," என்றார் குமாஸ்தாவிடம். "ஒரு வாரம் வெச்சுப் பாத்துட்டு எடுங்க."