ஹோப்ஃபுல்லி வர்றேன்

"அடுத்த மாசம் வர்றேன்ப்பா, ஹோப்ஃபுல்லி" என்று மகள் அனுப்பிய செய்தியைப் படித்ததிலிருந்து பத்திரம் எழுதுகிறவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்காணாத ஊருக்கு வேலைக்குப் போனவள். அவள் முகத்தை நேரில் பார்த்து வருஷக்கணக்காகிறது. வருகிறேன் என்றது புரிந்தது. வாலில் தொங்கிய அந்த வார்த்தைதான் புரியவில்லை. ஒரு சொல் இடறினாலும் வீடே கைமாறிவிடும் என்று ஆயுள் முழுக்கப் பயந்து பயந்து எழுதிய மனுஷர்.

இங்கிலீஷ் வாத்தியாரான மைத்துனரிடம் ஓடினார்.

"அதை அப்படிப் போடுறதே தப்பு மாமா. 'நம்பிக்கையோட வர்றேன்'னுதான் அர்த்தம் வரணும். ஆனா 'வந்தா நல்லாயிருக்கும்'ங்கிற மாதிரி ஊரே சொல்லுது. பெரிய பெரிய படிப்பாளிங்க இன்னும் அடிச்சுக்கிறாங்க."

"அவங்க அடிச்சுக்கட்டும்ப்பா. என் பொண்ணு வருவாளா, மாட்டாளா?"

"அது இலக்கணத்துல இல்லையே மாமா."

சும்மா வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். விதி, படியில் மாடி வீட்டு மேனேஜரிடம் மாட்டிக்கொண்டார்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தன் ஹோப்ஃபுல்லின்னு சொல்லிட்டா, அந்த வேலையைத் தலைமுழுகிடுவோம் சார்!" என்றார் அவர் குஷியாக.

பத்திரம் எழுதுகிறவருக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மகளுக்குப் போன் போட்டார். பேசும்போது அந்தத் துக்கம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"லீவு கேட்டிருக்கேன்ப்பா. ஹோப்ஃபுல்லி கிடைச்சிடும்."

"அந்த எழவு வார்த்தையை எடுத்துட்டுச் சொல்லு."

"எடுத்துட்டா பொய்யாயிடுமேப்பா."

"பெத்த அப்பன்கிட்டயே இழுத்தடிக்கிறியா? வர இஷ்டமில்லைன்னா வராதே, போ!"



"சரிப்பா. கண்டிப்பா வர்றேன். போதுமா?"

போதாதா பின்னே! அவருக்குத் தலைகால் புரியவில்லை. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு மகளின் அறைக்குப் போனார். அங்கே மனைவி வியர்க்க விறுவிறுக்க மெத்தைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கண்டிப்பா வர்றாளாம்! அவ வாயாலயே சொல்ல வச்சுட்டேன்!"

மனைவி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"கெடுத்தீங்களே! வருஷா வருஷம் கண்டிப்பா வர்றேன்னு சொல்லித்தானே வராம இருந்தா? இந்தத் தடவைதான் வேற மாதிரி சொல்றாளேன்னு நான் இந்த ரூமையே திறந்தேன்."