சத்தியமாக நகல்

ஓவிய வியாபாரி பொதுவாக உண்மையே பேசுகிறவர். சுங்க அலுவலகத்துக்குப் போகும் நாட்களை மட்டும் கணக்கில் சேர்க்கக் கூடாது. காலஞ்சென்ற மேதை ஒருவர் வரைந்த நீலக் குதிரைப் படத்தை, வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டில் வாங்கி வந்திருந்தார். அசல் என்று சொன்னால் கட்டவேண்டிய தீர்வை தலையைச் சுற்ற வைக்கும். ஆகவே படிவத்தில், 'நகல். சுவரின் விரிசலை மறைப்பதற்காக' என்று எழுதிக் கொடுத்தார்.

"நகல்தானா?" என்றார் சுங்க அதிகாரி.

"சத்தியமா நகல் சார். குதிரையோட முழியப் பாருங்களேன், ஆடு மாதிரி இருக்கு."

"ரொம்ப நல்லது. யாராவது இதை அசல்னு வித்து, பொதுமக்கள் ஏமாந்துடக் கூடாதில்லையா? அதுக்குத்தான் புது உத்தரவு வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே அதிகாரி, குதிரையின் வயிற்றில் 'நகல்' என்று உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

வியாபாரி குதிரையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

"தீர்வையைக் கட்டித் தொலைங்கன்னு அன்னிக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!" என்றாள் மனைவி.

மறுநாள் தலைமை அதிகாரியின் காலில் விழாத குறையாக நின்றார் அவர்.

"சார், அது அசல்."

"அப்போ பொய் எழுதினீங்களா?"

"பொய் இல்லை சார். அடக்கம்."

தலைமை அதிகாரி வல்லுநரை வரவழைத்தார். வல்லுநர் பூதக்கண்ணாடியோடு குதிரை மேல் ஒரு சுற்று மேய்ந்துவிட்டு முகம் மலர்ந்தார். "ஐயா எழுதினது நூத்துக்கு நூறு சரி. நகலேதான். இந்த நீலப் பெயிண்ட் கடைக்கு வந்ததே அந்த மேதை செத்ததுக்கு அப்புறம்தான்."

வியாபாரி நாற்காலியில் சரிந்தார். அலுவலகமோ குதூகலித்தது. உள்ளதை உள்ளபடி எழுதிய இறக்குமதியாளர் ஒருவரை அது தோன்றிய நாள் முதல் கண்டதில்லை. ஆகவே மேற்படியாரின் நேர்மையைப் பாராட்டி விழா எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது. மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து, அழுவதா சிரிப்பதா என்று புரியாமல் கைதட்டினாள்.

சட்டையில் பதக்கத்தைக் குத்திவிடும் சாக்கில் தலைமை அதிகாரி குனிந்தார். "நான் வீடு கட்டினப்போ அன்பளிப்பா ஒரு படம் கொடுத்தீங்களே, அது?"

வியாபாரி பதறிப்போனார். "அசல் சார்! உங்களுக்குப் போய் நகல் கொடுப்பேனா?"

"மெதுவாப் பேசுங்க!" தலைமை அதிகாரியின் முகம் வெளிறியது. "லஞ்ச ஒழிப்புக்காரங்க வீட்டைச் சோதனை போட வர்றாங்களாம். அது நகல்னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க. இனிமே நீங்க எதை எழுதினாலும் ஊரே நம்பும்!"