நட்டம் மூன்று பக்கம்

இந்தக் கதை நடந்தபோது நான் அங்கே இல்லை. சின்னமனூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஆல்பர்ட் அண்ணன் சொன்னது. அவரும் நேரில் பார்த்தவர் இல்லை. ஸ்பைரல் போட வரும் எதையும் வாசித்துவிடும் பழக்கம் உள்ளவர்.

மார்க்கையன்கோட்டை ராமுத்தாய் வாழை இலை வியாபாரி. குமுளி, கட்டப்பனை ஓட்டல்காரர்கள் முன்பணம் அனுப்புவார்கள். தோட்டக்காரர்களுக்கு அன்றன்றே பட்டுவாடா ஆகிவிடும். யாருக்கும் பாக்கி கிடையாது. ஒரே குறை, சொந்த வண்டி இல்லாதது. ஓணத்து வாரத்தில் குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டிக்காரர்கள் மூன்று மடங்கு வாடகை கேட்பார்கள், கொடுத்தாலும் வரமாட்டார்கள். கட்டி வைத்த இலை வாடிப்போகும். அடுத்த ஓணத்துக்குள் ஒரு குட்டியானை வாங்கிவிடுவது என்று வங்கிக்குப் போனார்.

மகளிர் தொழில்முனைவோர் திட்டத்தில் கடன் இருந்தது. ஆனால் மனுதாரருக்குப் பணத்தை நிர்வகிக்கத் தெரியும் என்பதற்குச் சான்று வேண்டும். பதினாறு வருடம் வியாபாரம் செய்தது சான்றாகாது. தொலைநிலைக் கல்வியில் வாங்கிய வணிக நிதி மேலாண்மைப் பட்டயம் சான்றாகும்.

ராமுத்தாய் சேர்ந்தார். இலைக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்து நான்கு தாளும் தேறினார். மிச்சம் ஆய்வறிக்கை. விதிப்படி ஒன்றரை அங்குல ஓரம் விட்டு, தன் தொழிலைப் பற்றியே எழுதினார். மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பு, 'நிறுவனத்தின் நிதிப் பிரச்சினைகள்'. அதன் கீழே 'இல்லை' என்று எழுதியிருந்தார்.

கல்வி மையப் பொறுப்பாளர் ஞானசிகாமணி அறிக்கையைத் திருப்பித் தந்தார்.

"இல்லைன்னு எழுதப்படாதும்மா. குறைஞ்சது மூணு பக்கம் வரணும்."

"கடனே இல்லையே சார். மூணு பக்கத்துக்கு நான் எங்கன போவேன்?"

"கடன் இல்லாத தொழிலுக்கு எதுக்கும்மா நிதி மேலாண்மை?"

"கடன் வாங்கத்தான் சார் இதைப் படிக்கிறேன்."

ஞானசிகாமணி நியாயமாக யோசித்தார். "அப்ப வாங்கிட்டு வந்து எழுதுங்க."

ராமுத்தாய் வீட்டுக்குப் போய்க் கணவர் மொக்கைச்சாமியிடம் சொன்னார். "அங்கன போனா சர்டிபிகேட் கேக்குறாக. இங்கன வந்தா கடன் கேக்குறாக."

"நான் வேணா ஒரு கோழிப்பண்ணை வைக்கட்டுமா புள்ள? மூணே மாசத்துல உனக்கு நட்டம் வந்துரும்" என்றார் அவர், உதவும் எண்ணத்தோடு.

ராமுத்தாய் பள்ளத்தாக்கு முழுக்க நட்டம் தேடி அலைந்தார். நட்டப்பட்டவர்கள் கணக்கு வைத்திருக்கவில்லை. கணக்கு வைத்திருந்தவர்கள் நட்டத்தை ஒப்புக்கொள்ளவில்லை. களைத்துப்போய் மறுபடி கல்வி மையத்தில் காத்திருந்தபோது, வாடகை பாக்கி கேட்டு மாடிக்கு ஏறி வந்தார் கட்டடக்காரர். அப்போதுதான் ராமுத்தாய் சுற்றிலும் பார்த்தார். மாணவர்கள் பதினோரு பேர். நாற்காலிகள் நூற்றிருபது. யாரும் உட்காராத அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

ஆய்வாளருக்கு நிறுவனம் முழு ஒத்துழைப்பு அளிக்க வேண்டும் என்பது விதி. விதி என்றால் ஞானசிகாமணிக்கு உயிர். மையத்தின் பேரேடுகளை அவரே தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். மூன்று பக்கம் கேட்ட பிரச்சினை பத்தொன்பது பக்கம் வந்தது. ஸ்கேலால் ஓரத்தை அளந்து பார்த்து, திருப்தியோடு கையெழுத்திட்டு அனுப்பினார். கடைசிப் பக்கத்தில் இருந்த பரிந்துரை ஒரே வரி: 'மையத்தை மூடிவிடலாம்.'

பல்கலைக்கழகம் அறிக்கைக்கு முதல் வகுப்புத் தேர்ச்சி அளித்தது. ஒரு மாணவரின் பரிந்துரையைப் பல்கலைக்கழகம் நிறைவேற்றியது அதுவே முதல் தடவையாம். பதினோராம் நாள் மையத்துக்குப் பூட்டு விழுந்தது. சான்றிதழும் தபாலில் வந்து சேர்ந்தது, பூட்டுக்கு உள்ளே. மையப் பொறுப்பாளர் கையெழுத்திட்டு நேரில் வழங்கினால்தான் அது செல்லும்.

ஓணம் வந்தது. வண்டி வரவில்லை. முந்நூறு கட்டு இலை வாடியது.

வேலை போன ஞானசிகாமணி இப்போது ராமுத்தாயிடம் கணக்கெழுதுகிறார். அவர் சம்பளமும் வாடிய இலையும் சேர்ந்து, பதினாறு வருடத்தில் முதல்முறையாகத் தொழில் நட்டத்தில் ஓடுகிறது.

"இப்ப தாராளமா மூணு பக்கம் வரும்மா" என்றாராம் அவர்.

இதில் பூட்டு விஷயத்தை மட்டும் நம்ப முடியாமல் போன வாரம் நானே போய்ப் பார்த்தேன். பூட்டு இருக்கிறது. மேலே ஓர் அறிவிப்பு: 'மையம் மூடப்பட்டது தொடர்பான புகார்களை மையப் பொறுப்பாளரிடம் எழுத்து மூலம் அளிக்கவும்.' கதவிடுக்கில் பதினோரு மனுக்கள் செருகியிருந்தன. எல்லாவற்றிலும் ஒன்றரை அங்குலம் ஓரம் விட்டிருந்தார்கள்.