பிளான் காக்காவும் ஒரு தீவுக் கலியாணமும்

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் நடந்த கலியாணங்களில் பாதியைக் கெடுத்தவரும் மீதிப் பாதியைக் காப்பாற்றியவரும் ஒரே ஆள்தான். பிளான் காக்கா. எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்; ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும் என்பது என் எண்ணம். பந்தல், கதிரை, சோறாக்கும் கிடாரம் என்று வாடகைச் சாமான் கடை வைத்திருந்தார். ஆனால் ஊருக்கு அவர் அதிகமாக வாடகைக்கு விட்டது தன் மூளையைத்தான். கேட்காதவர்களுக்கும் விட்டார்.

"அதுக்கொரு பிளான் இரிக்கி" என்று அவர் தொடங்கினால் கலியாண வீட்டுக்காரர் பின்வாசலைத் தேடுவார். ஒருமுறை பந்தல் படங்கில் மழைத்தண்ணீர் தேங்கக் கூடாதென்று நட்டநடுவில் துவாரம் போட்டார். தண்ணீர் தேங்கவில்லைதான். துவாரத்துக்கு நேர்கீழே மாப்பிள்ளை இருந்தார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் என் அக்கா, எங்கள் ராத்தாவின் கலியாணம் மாட்டிக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வந்து படியேறுவார். ராத்தாவின் வீடு சுவரோடு நின்றிருந்தது. பாதியில் எங்களைப் பெற்ற வாப்பா கண்ணை மூடிவிட்டார், கூரை ஏறவில்லை. அக்கரைப்பற்று மாப்பிள்ளைக்கோ சவூதி விசா வந்துவிட்டது. பதினைந்து நாளில் பயணம், திரும்பிவர இரண்டு வருடம். மாப்பிள்ளையின் தாய் ஒரே சொல்லாகச் சொல்லியனுப்பிவிட்டார்: "ஊடு முடியாம என்ட மகன் படியேற மாட்டான்." இரண்டு வருடம் காத்திருக்கிற மாப்பிள்ளையை யார் கண்டது? ராத்தா சாப்பாட்டைத் தொடாமல் படுத்துக் கிடந்தா. எனக்கு வயது இருபத்திரண்டு, கந்தோரில் கிளார்க். என்ன செய்வதென்று ஒன்றும் விளங்கவில்லை.

பக்கத்து வீட்டைக் கலியாணத்துக்குக் கேட்கலாம் என்றேன். உம்மா சீறினா. "இரவல் ஊட்டுலயா என்ட புள்ள பொண்ணா குந்துற?"

அப்போதுதான் பிளான் காக்கா ஒரு பழைய கலண்டரோடு வந்து சேர்ந்தார். அதில் ஒரு வெள்ளைக்கார மாப்பிள்ளையும் பெண்ணும் ஏதோ ஒரு தீவில் தென்னைமரத்தடியில் நின்றார்கள்.

"இஞ்ச பாருங்க. வெள்ளைக்காரன் தீவுல போய்க் கலியாணம் முடிக்கான். தீவுல ஆரும் ஊடு எங்க எண்டு கேப்பானா? நற்பிட்டிமுனைக்கு அங்கால ஆத்துக்கு நடுவுல ஒரு மணல் திட்டி கிடக்கு. அதான் நம்மட தீவு."

"விசர்க் கதை கதையாதீங்க காக்கா!" என்றா உம்மா. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தாலே உம்மா ஏசுவா.

அடுத்த நாள் என்னையும் இழுத்துக்கொண்டு அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறினார். மாப்பிள்ளையின் தாயிடம் வீட்டைப் பற்றி மூச்சே விடவில்லை. கலண்டரை விரித்தார். "எல்லாரும் ஊட்டுல முடிக்காங்க. உங்கட மகனுக்கு மட்டும் தீவு! ஊர் எத்தின வருசம் கதைக்கும் பாருங்க." அந்த மனுசி கலண்டரை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தா. பிறகு, "தோணிக்கு சோடனை போடுவீங்களா?" என்று கேட்டா. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்றிலிருந்து திட்டம் தூள் பறந்தது. ஏழு தோணி பேசினார். காவின் எழுதிக் கலியாணத்தைப் பதிய வேண்டிய மௌலவிக்குத் தண்ணீரென்றால் சரியான பயம். அதற்கும் பிளான் இருந்தது. கரையில் இழுத்துப்போட்ட தோணிக்குள் அவரை மூன்று நாள் குந்தவைத்து, இரண்டு பேரை வைத்துத் தோணியை ஆட்டிப் பழக்கினார். மூன்றாம் நாள் மௌலவி தரையில் நடக்கும்போதும் ஆடினார்.

கலியாணத்துக்கு முதல்நாள் தோணியில் ஏற்றிக் கொண்டுபோய்த் திட்டியில் பந்தலும் போட்டாயிற்று. விடிந்து போய்ப் பார்த்தால் தண்ணீரைக் காணவில்லை! அந்தக் கிழமை பெய்த மழைக்கு வயலெல்லாம் மூழ்கியதால் வெள்ளாமைக்காரர்கள் இரவோடிரவாக மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். ஆற்றுத்தண்ணீர் கடலுக்கு ஓடிவிட்டது. ஏழு தோணிகளும் சோடனையோடு சேற்றில் குந்தியிருந்தன. எங்கள் தீவு கரையோடு கரையாகக் கிடந்தது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று மௌலவி மட்டும் சத்தமாகச் சொன்னார்.

தீவில்லை என்றால் அடுத்த கேள்வி வீடு எங்கே என்பதுதான். பிளான் காக்கா தாடியைச் சொறிந்தார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மாட்டுவண்டியை எங்கள் வீட்டுப் பக்கம் விரட்டினார்.

வெயில் ஏறியபோது மாப்பிள்ளை வீட்டார் சப்பாத்துகளைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார்கள். தாய் இடுப்பில் கைவைத்து நின்றா.

"தீவு எங்க?"

"இதான் தீவு. தண்ணி மட்டும் இண்டைக்கு லீவு."

"அப்ப ஊடு எங்க?"

பிளான் காக்கா விலகி நின்றார். பந்தலுக்கு முன்னால் மணலில் ஒரு கதவு நின்றது. சுவரில்லை, கூரையில்லை. ராத்தாவின் வீட்டுக்கென்று வாப்பா ஆசைப்பட்டுச் செய்வித்த முதிரைமரக் கதவு, நிலையோடு.

"ஊட்டுட முக்கியமான சாமானக் கொண்டந்திட்டன். மத்ததெல்லாம் செங்கல்லுதானே!"

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளி, ஸலாம் சொல்லி உள்ளே போனார். தாய் கதவைத் தடவிப் பார்த்தா. சுற்றிப் போக ஆறளவு இடம் கிடந்தும், அந்த மனுசியும் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கதவுக்குள்ளால்தான் போனா. வாப்பா இருக்க வேண்டிய இடத்தில் இருந்து நான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ராத்தாவைக் கொடுத்தேன். அழுதுவிட்டேன் என்று சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை.

ஒரே தட்டைச் சுற்றிக் குந்தும் சஹன் சாப்பாடு நடக்கும்போது பிளான் காக்கா வேர்த்து வழிய, சேற்றுக்காலோடு, ஆறுபேருக்கு ஒரு சஹனென்று பரிமாறிக்கொண்டு ஓடினார். சீலைத் திரைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் தாய் உம்மாவிடம் கேட்பது எனக்குக் கேட்டது.

"ஆரு இந்த மனிசன்? உங்களுக்கு என்ன முறை?"

"என்ட கூடப்பொறந்த காக்கா" என்றா உம்மா, யோசிக்காமல்.

உம்மா தன் வீட்டில் ஒற்றைப் பிள்ளை. அன்று மத்தியானத்திலிருந்து எனக்கு ஒரு மாமா இருந்தார்.