வக்காவுக்கு ஒரு நோட்டீஸ்

திருத்தணி தாலுகாவில் அடங்கல்காரருக்குத் தெரியாமல் எந்த ஜீவனும் முட்டையிட்டதில்லை. எழுபதுகளில் எங்கள் தாலுகா ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜை கிளார்க் அவர். நிலத்துக்கு அடங்கல் என்கிற பயிர்க் கணக்கு எழுதி எழுதி, அதே மாதிரி கட்டம் போட்டுப் பறவை, பாம்பு, நரிக்கெல்லாம் எழுத ஆரம்பித்துவிட்டார். அடங்கல்காரர் என்பது நாங்கள் கேலியாக வைத்த பெயர். என்ன இனம், எந்த சர்வே நம்பர், எத்தனை வருஷக் குடியிருப்பு என்று ஒன்று விடாமல் இருக்கும்.

அந்த நோட்டு எதிர் டீக்கடையில் சணல் கயிற்றில் தொங்கும். யாரும் படிக்கலாம், யாரும் எழுதலாம். பள்ளிப்பட்டு நெசவாளி ஒருவர் தெலுங்கில் எழுதுவார். திருப்பதி பஸ் கண்டக்டர் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிச் செருகுவார். ஞாயிற்றுக்கிழமை இவர் சைக்கிளில் போய்ப் பார்த்து, நிஜமாயிருந்தால் பச்சை மையில் டிக் அடிப்பார். பச்சை மை பெரிய அதிகாரிகளுக்குத்தான் என்று சொல்லிப் பார்த்தோம், காதில் வாங்கவில்லை.

ஒரு வருஷம் ஏரிக்குள் இருந்த கருவேல மரங்கள் ஏலம் போயின. மறுநாள் வெட்டு. மரமெல்லாம் வக்கா என்கிற இராக்கொக்கின் கூடு, இறகு முளைக்காத குஞ்சுகள். அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. நோட்டைக் கயிற்றோடு அறுத்துக்கொண்டு தாசில்தார் அறைக்குள் போனார். நாங்கள் வாசலில் நின்றோம்.

"சார், ஒம்போது வருஷமா அங்க குடியிருந்துகினு இருக்குதுங்க. நோட்டீஸ் குடுக்காம காலி பண்ணக்கூடாதுங்களே."

தாசில்தார் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ரெக்கார்டில் இருப்பதை இல்லையென்று தள்ளிப் பழக்கமில்லாத மனிதர். திட்டு விழும் என்று காத்திருந்தோம்.

"குஞ்சுங்க எப்பய்யா பறக்கும்?"

"ஒரு மாசம் ஆவுங்க."

"அப்ப ஒரு மாச நோட்டீஸ் குடு."

தலையாரி தமுக்கடித்து, மரத்துக்கு மரம் நோட்டீஸ் ஒட்டினார். கோடாலியோடு வந்த ஏலக்காரர் முத்திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஒரு நோட்டால் ஒரு ஏலத்தையே நிறுத்த முடியும் என்பதை அன்றுதான் கண்டேன். அதுவரை செய்த கேலிக்கெல்லாம் வெட்கமாக இருந்தது.

கெடு முடிந்த காலை நானும் போனேன். கடைசிக் குஞ்சும் பறந்துவிட்டிருந்தது. நோட்டீஸ் முழுக்க எச்சம். அதை மெல்ல உரித்தெடுத்தார். "ஆங், வாங்கிக்கினேன்னு கையெழுத்து போட்டுட்டாங்க" என்று ஃபைலில் வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போதும் எங்கே வக்காவைப் பார்த்தாலும் இடத்தைக் குறித்து வைக்கிறேன். போய்ப் பார்த்து டிக் அடிக்கத்தான் அவர் இல்லை.